கவசம் கற்பிக்கும் சரித்திரம்

பொழுதுபோக்குகளில்தான் எத்தனை வகை! தபால் தலை சேர்ப்பவர் உண்டு. பழைய நாணயம் தேடுவோர் உண்டு. மேல்நாடுகளிலோ போர்க் கவசம் செய்வதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்கிலி நகரில், இடைக்கால வாழ்க்கையை நடித்துப் பார்க்கும் சங்கம் ஒன்று தோன்றிய பிறகு இந்த ஆர்வம் நன்கு பரவியது. பகலெல்லாம் காரியாலயத்தில் கணக்கெழுதும் மனிதர், மாலையில் கொல்லைப்புறத்தில் சம்மட்டியும் கையுமாக நிற்கிறார். நமக்கு நகைக்கத் தோன்றலாம். அதற்கு முன், அந்த வேலை அவரை எங்கே கொண்டு சேர்க்கிறதென்று பார்ப்போம்.

கிழக்கு ரோம சாம்ராஜ்யத்தின் கவசத்தை ஒருவர் செய்யத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்டு 1453 வரை நிலைத்த ராஜ்யம் அது. 'பைஸாந்தியம்' என்பது பிற்காலத்தார் இட்ட பெயர். அந்நாட்டு மக்கள் தங்களை ரோமர் என்றே சொல்லிக்கொண்டார்கள். அவர்களுடைய 'கிளிபானியன்' என்னும் மார்புக் கவசம், சிறு இரும்புத் தகடுகளை வரிசை வரிசையாக இணைத்துச் செய்யப்படுவது. தகடுகளோ பல நூறு, துளைகளோ ஆயிரக்கணக்கு.

வேலை தொடங்கிய உடனேயே ஐயங்கள் எழுகின்றன. மீன் செதிலில் மேல்வரிசை கீழ்வரிசையை மூடியிருக்கும். இந்தக் கவசத்திலோ கீழ்வரிசை மேல்வரிசையின்மீது ஏறி நிற்கிறது. ஏன் இப்படி? குதிரைமேல் இருப்பவனைக் காலாள் வீரன் கீழிருந்தல்லவா குத்துவான்? மேல்நோக்கி வரும் ஈட்டிமுனை இடுக்கில் நுழையாமல் வழுக்கிச் செல்லும். தகடுகளை இணைத்த விதம் என்ன? விடை தேடுகிறவர், கிரேக்க நாட்டில் ஹோசியோஸ் லூக்காஸ் மடாலயத்துச் சுவரில் யோசுவா கவசம் பூண்டு நிற்கும் ஓவியத்தை உற்றுப் பார்க்கிறார். திமோதி டாசன் என்னும் ஆராய்ச்சியாளர் இவ்வாறு ஓவியங்களையும் நூல்களையும் ஒப்பிட்டதோடு நில்லாமல், கவசத்தைச் செய்தும் பார்த்தவர். தகடுகளைத் தோல் பட்டைகளில் தறைந்து, பின்னர் அப்பட்டைகளை ஒன்றோடொன்று இணைத்தார்கள் என்பது அவர் கண்ட முடிவு.

இனி அடுத்த கேள்வி: இதை அணிந்தவன் யார்? 963 முதல் 969 வரை ஆண்ட நிகெபோரஸ் போகாஸ் சக்கரவர்த்தியின் பெயரால் வழங்கும் போர் நூல் இதற்கு விடை தருகிறது. கனத்த கவசம் பூண்ட குதிரைவீரர் ஆப்பு வடிவ வியூகத்தில் நிற்க வேண்டும். முதல் வரிசையில் 20 பேர். பின் ஒவ்வொரு வரிசையிலும் நால்வர் கூடுதல். பன்னிரண்டு வரிசைகளுக்கும் சேர்த்து 504 பேர். முகத்தைச் சங்கிலிப் பின்னல் மூட, கண்கள் மட்டுமே வெளியே தெரியும். குதிரைக்குங்கூடக் கவசம் உண்டு.

"ஒரு சாம்ராஜ்யத்துக்கு 504 பேர்தானா?" என்று புத்தகம் மட்டும் படிப்பவர் வியக்கக்கூடும். ஒரே ஒரு கவசத்துக்காகப் பல மாத மாலைப்பொழுதுகளைச் செலவிட்டவர் வியக்கமாட்டார். ஒரு வீரனை இவ்விதம் அணிவிக்க ஆகும் செலவை அவருடைய விரல்களே அறியும். சக்கரவர்த்தியின் சட்டமும் அதையே கூறுகிறது. முன்பு ஒரு போர்வீரனின் குடும்பத்துக்கு நான்கு ராத்தல் பொன் மதிப்புள்ள நிலம் போதுமென்றிருந்தது. கனத்த கவச வீரனுக்கு அதைப் பன்னிரண்டு ராத்தலாக உயர்த்தினார் நிகெபோரஸ்.

பலன் கிடைக்காமற்போகவில்லை. 965-ல் டார்ஸஸ் நகரமும், 969-ல் அந்தியோகியாவும் அவர் சேனைக்குப் பணிந்தன. ஆனால் வரிச்சுமையும் உணவுத் தட்டுப்பாடும் குடிகளை வருத்தின. வெற்றிவீரரான சக்கரவர்த்தியைத் தலைநகரத்து மக்களே வெறுத்தார்கள். 969 டிசம்பரில் அரண்மனைக்குள், தம் சேனாபதியாக இருந்த ஜான் ட்ஸிமிஸ்கஸின் கூட்டத்தாரால் அவர் கொலையுண்டார். எதிரியின் ஈட்டியைத் தடுக்கும் வித்தையை அவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தவருக்கு, சொந்த அரண்மனையில் காவல் இல்லாமற்போயிற்று.

தகட்டில் தொடங்கியவர் ஓவியத்துக்கும், ஓவியத்திலிருந்து போர் நூலுக்கும், அங்கிருந்து நிலத்துக்கும் வரிக்கும் குடிகளின் துயரத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டார்! அரசர்களின் பெயரையும் ஆண்டுகளையும் உருப்போடுவதால் இந்த அறிவு வருமா?

ஆகையால், உங்கள் வீட்டுப் பிள்ளை பழைய அட்டையை வெட்டி, துளையிட்டு, நூலில் கோத்து மார்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றால், "போய்ப் பாடத்தைப் படி" என்று விரட்டாதீர்கள். "மெய்யான கவசம் செய்ய எத்தனை நாளாகும்? அதற்குப் பணம் கொடுத்தவர் யார்?" என்று கேளுங்கள். பாடப் புத்தகத்தைப் பிள்ளை தானே தேடி எடுப்பான்.