ராணுவ ஜீப்பை ஏலத்தில் எடுத்தால் ரோட்டில் ஓட்டலாமா?

ஜோங்காவைப் பார்த்தாலே ஜீப் பிரியர்களுக்குக் கை பரபரக்கும். நிஸான் பேட்ரோல் வடிவமைப்பில், ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் உருவான வண்டி இது. உற்பத்தி 1999-ல் நின்றுபோனது. ராணுவம் கழித்துவிடும் இத்தகைய ஜீப்புகளைத் தனிநபர்கள் ஏலத்தில் வாங்கலாம். ஆனால், வாங்கிட்டா மட்டும் போதுமா?

பதிவு என்ன ஆகும்?

ராணுவ வண்டிகளுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-வது பிரிவின்கீழ் தனிப் பதிவு உண்டு. வண்டி மத்திய அரசின் கையைவிட்டுப் போனதும், அம்புக்குறி போட்ட அந்த நம்பர் செல்லாது. ஏல ஆவணங்களோடு ஆர்டிஓ அலுவலகத்தில் புதிதாகப் பதிய வேண்டும்.

கலரை மாத்தணுமா?

ஆமாம். ஆலிவ் பச்சை, பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டுமே என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 121.

இப்போது என்ன சிக்கல்?

2023 ஏப்ரல் 1 முதல், 15 வருடம் முடிந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட ஸ்கிராப் மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். பாதுகாப்புப் பணியில் உள்ள கவச, சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. எனவே, பழைய ஜீப்புகள் ஆர்வலர்கள் கைக்கு வருவது இனி குறையலாம்.

ஏற்கெனவே தனிநபர் பெயரில் இருக்கும் வண்டிக்கு இந்தக் கெடு இல்லை. தமிழ்நாட்டில் 15 வருடம் தாண்டினாலும், தகுதிச் சோதனையில் தேறினால் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம்.

அப்படி ஒரு வண்டி கிடைத்தால், ஆர்சி-யில் உள்ள இன்ஜின், சேசிஸ் நம்பரை முதலில் ஒப்பிட்டுப் பாருங்க. பேப்பர் சரியில்லாத ஜீப், எவ்வளவு கம்பீரமா இருந்தாலும் வீட்டு வாசலோடு சரி!