பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவுதல்

தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களில் நாம் காணும் மடிக்கணினிகள் பல, விண்டோஸ் 10 கொண்டவை. அதற்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. லினக்ஸை நிறுவுதல் செலவற்ற மாற்றுவழியாகும். பென் டிரைவைச் செருகியும் கணினி அதிலிருந்து தொடங்காவிடில், கீழ்க்கண்டவற்றை முறையே ஆராய்தல் நலம்.

முதலாவது, ஐ.எஸ்.ஓ. கோப்பை வெறுமனே நகலெடுத்தல் போதாது. ரூஃபஸ் போன்ற கருவியைக் கொண்டே பென் டிரைவில் எழுதவேண்டும். இரண்டாவது, கணினியை இயக்கியவுடன், அதன் தயாரிப்புக்கேற்ப எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி, பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். மூன்றாவது, 32 பிட் செயலியில் 64 பிட் லினக்ஸ் இயங்காது.

தொடங்கியபின், நிறுவாமலே சிறிது இயக்கிப் பார்க்கலாம். ஆனால் வட்டினை முழுதும் அழித்து நிறுவினால் சங்கத்தின் பேரேடுகளும் மறையும். பாவைச் சரிபாராமல் தறியேற்றுவாருண்டோ? ஆகவே அங்கத்தினர்கள் முதற்கண் கணக்குகளுக்கு வேறிடத்தில் நகலெடுத்து, அது திறக்கிறதா எனச் சோதித்த பின்னரே நிறுவத் தொடங்குவார்களாக.