மலையை உடைக்காமல் ஒரு சாலை

குஜராத்தின் சூரத் அருகே உள்ள ஹசீராவில் ஒரு கிலோமீட்டரைவிடச் சற்றே நீளமான ஆறுவழிச் சாலை இருக்கிறது. உருக்காலைக்கும் துறைமுகத்துக்கும் போகும் கனரக லாரிகள் ஓயாமல் ஓடும் தடம் அது. 2022 ஜூனில் திறக்கப்பட்ட அந்தச் சாலைக்காக எந்தக் குன்றையும் வெடி வைத்துத் தகர்க்கவில்லை. கருங்கல் ஜல்லிக்குப் பதிலாகச் சுமார் 1 லட்சம் டன் உருக்குக் கசடு, அதாவது உருக்கு வடிக்கும்போது மிஞ்சும் கழிவு, அங்கே போடப்பட்டது. டெல்லியில் உள்ள மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் வழிகாட்ட, ஆர்செலர்மிட்டல் நிப்பான் ஸ்டீல் ஆலை கசடைக் கொடுத்தது. வழக்கமான சாலையைவிடத் தடிமன் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு.

கசடு என்றதும் எல்லாம் ஒன்றே என்று நினைத்துவிடக் கூடாது.

இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலையிலிருந்து வழியும் கசடைத் தண்ணீர் பாய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் கண்ணாடித் தன்மையுள்ள குருணை கிடைக்கும். அரைத்துச் சிமெண்டோடு கலந்தால் அதுவும் இறுகும். கடைகளில் விற்கும் ஸ்லாக் சிமெண்டின் உயிர் அதுதான். ஆனால் ஊதுலை நிலக்கரியைத் தின்று கரியமில வாயுவைக் கக்குவது. அதைக் கைவிட்டு, பழைய இரும்பையோ ஹைட்ரஜனால் ஆக்சிஜன் நீக்கிய இரும்பையோ மின்சாரத்தால் இயங்கும் மின்வில் உலையில் உருக்குவதே குறைந்த கரிம உருக்கின் வழி. பிரிட்டனின் போர்ட் டால்பட்டில் டாடா ஸ்டீல் அங்கிருந்த கடைசி ஊதுலையை 2024 செப்டம்பரில் மூடியது. இந்தப் போக்கு பெருகப் பெருக, சிமெண்டுக்குப் போகும் கசடு குறையும்.

மின்வில் உலையின் கசடில் இரும்பு ஆக்சைடு அதிகம். தானாக இறுகும் குணம் குறைவு. இன்னொரு சிக்கல், அதில் வினைபுரியாமல் தங்கும் சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் சூடேறிப் பொங்கி உப்பும் அல்லவா? அதே வேலை சாலைக்கு அடியில் நடந்தால் தார் வெடிக்கும். அதனால் கசடை வெட்டவெளியில் குவித்து, நனைத்து, மாதக்கணக்கில் நீற்றுகிறார்கள்; நீராவி பாய்ச்சி இதை விரைவாக்கவும் முடியும். பிறகு உடைத்து, காந்தத்தால் இரும்புத் துணுக்குகளைப் பிரித்து, சலித்து அளவு பிரித்தால் கருங்கல்லுக்கு ஈடான ஜல்லி தயார். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களின் வழி வேறு: இடித்த கட்டடங்களின் பழைய சிமெண்டை உலையில் சுண்ணாம்புக்குப் பதிலாகப் போட்டு, வரும் கசடையே புது சிமெண்டாக்குகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் வாய்ப்பு உண்டு. சேலம் உருக்காலையில் மின்வில் உலை இயங்குகிறது. மேச்சேரி அருகே பொட்டனேரியில் ஜே.எஸ்.டபிள்யூ உருக்காலை இருக்கிறது. மறுபக்கம், கன்னியாகுமரி, தென்காசிக் குவாரிகளின் ஜல்லியும் எம்-சாண்டும் லாரி லாரியாகக் கேரளம் போய்க்கொண்டிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓரம் கரைவதைப் பார்த்துக்கொண்டு, ஆலைக் கசடைக் குப்பைமேடாக வைத்திருப்பது அநியாயம்.

அதற்காக எல்லாச் சாலைக்கும் கசடு என்பதும் சரியல்ல. அகத்தியமலையின் கேரளப் பக்க அடிவாரத்தில், விதுரையிலிருந்து போனக்காடு ஏறும் மலைச்சாலையை எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து அவ்வளவு தூரம் கொண்டுபோனால் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். அதைவிட முக்கியம், அந்தப் பகுதி திருவனந்தபுரத்துக்குக் குடிநீர் தரும் பேப்பாறை அணைக்கு அருகில் இருக்கிறது. கசடில் குரோமியம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். குறிப்பாகத் துருப்பிடிக்காத எஃகு ஆலைகளின் கசடில். மழைநீரில் எவ்வளவு கரைகிறது என்று சோதிக்காமல் அங்கே ஒரு கூடைகூடக் கொட்டக் கூடாது.

ஆலையைச் சுற்றியுள்ள மாவட்டச் சாலைகளில்தான் தொடங்க வேண்டும். நீற்றிச் சோதித்த கசடு ஜல்லியைச் சேலம் வட்டார ஒப்பந்தப் புள்ளிகளில் நெடுஞ்சாலைத் துறை இப்போதே சேர்க்கட்டும்.