மரபணு மட்டுமே தலைவிதி அன்று

‘எங்கள் குடும்பத்திலேயே சர்க்கரை நோய் உண்டு, தப்ப வழியில்லை’ என முட்டத்திலிருந்து வருவோர் பலர் எங்களிடம் கூறுகின்றனர். அது பாதி உண்மையே.

மரபணுவை விளக்கு எனக் கொண்டால், அதற்குச் சுவிட்சுகளும் உண்டு. டி.என்.ஏ.வில் ஒட்டும் ‘மெத்தில்’ என்னும் வேதிக்குறிகள் அத்தகையவை. மரபணு மாறாமலே, அது எவ்வளவு வேலை செய்யும் என்பதை இவை மாற்றுகின்றன. நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் கருவானவர்களிடம், சுமார் 60 ஆண்டுகளுக்குப் பின்னும் இக்குறிகளில் வேறுபாடு காணப்பட்டது.

இக்குறிகள் உருவாக ஃபோலேட்டும் வைட்டமின் பி12-உம் தேவை. 1993-இல் புனேயில் தொடங்கிய ஆய்வில், கர்ப்ப காலத்தில் பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம், 6 வயதிலேயே சர்க்கரை நோய்க்கு வழிவகுக்கும் இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாக இருந்தது. மெத்தில் குறிகள் இதற்கு ஒரு காரணமாகலாம்.

நம் கடற்கரைச் சாளையிலும் நெத்திலியிலும் பி12 நிறைந்துள்ளது. கருவுற்ற பெண்கள் அவற்றை நன்கு வேகவைத்து உண்ணலாம். மீன் உண்ணாதோர் பி12 அளவைப் பரிசோதிப்பது நன்று. ஃபோலிக் அமில மாத்திரையை ஒருபோதும் நிறுத்தலாகாது. அது சிசுவின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்கிறது.

புகைபிடித்தலும் இக்குறிகளை மாற்றுகிறது. அப்பழக்கத்தை விட்டோரிடம் அவற்றுள் பல மெல்லச் சீராகின்றன. எனவே தாயிடம் மட்டுமன்று, தந்தையிடமும் இப்பொறுப்பு உண்டு.