ஆஸ்பத்திரியில் பெயரைப் பலமுறை கேட்பது ஏன்?

நம் சங்கத்துக் குடும்பங்களில் எவரேனும் அறுவைச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், வீட்டுப் பெரியவர்கள் ஒரு குறை சொல்வதுண்டு: "பெயரையும் நோயையும் எத்தனை முறைதான் கேட்பார்கள்? பெரிய டாக்டருக்குத் தெரியாதா?" மொழி பழகாத ஊரில் இக்கேள்விகள் அலுப்பும் அச்சமும் தருதல் இயல்பே. ஆயினும் அவற்றின் நோக்கத்தை அறிந்தால் அச்சம் நீங்கும்.

எம்போன்ற ரயில்வே ஊழியர்க்கு இது புதிதன்று. தொலைபேசி உள்ள லெவல் கிராசிங்கில், கேட்டை மூடினேன் என்று கேட்மேன் வாயால் சொன்னால் மட்டும் போதாது. ஸ்டேஷன் மாஸ்டருடன் எண் பரிமாறி, அதனை இருவரும் பதிவேட்டில் எழுதவேண்டும். இதில் ஒருவர் மற்றவரை ஐயுற்றார் என்பதில்லை; வண்டியில் வரும் உயிர்களுக்கு இருவருமே பொறுப்பு.

உலகச் சுகாதார நிறுவனம் 2008-ஆம் ஆண்டு அறுவைச் சிகிச்சைக்கென இத்தகைய சரிபார்ப்புப் பட்டியலொன்றை வெளியிட்டது. அதில் 19 குறிப்புகள் உள. மயக்க மருந்து தருமுன் நோயாளி இன்னார், சிகிச்சை இன்னது, ஒவ்வாத மருந்து இன்னது எனக் கேட்டறிவர். கத்தி வைக்குமுன் சர்ஜன் முதல் தாதி வரை அனைவரும் தத்தம் பெயரும் பணியும் கூறுவர். முடிவில் பஞ்சுகளும் கருவிகளும் கணக்கிடப்படும். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இதனைச் சோதித்தபோது, மரணம் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்ததென 2009-இல் அறிவித்தனர்.

எனினும், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான முடிவில், குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. தாளில் குறியிட்டால் மட்டும் உயிர் பிழைக்காதன்றோ! "ஐயா, பஞ்சு ஒன்று குறைகிறது" என்று இளந்தாதி கூசாமல் சொல்லவும், பெரிய சர்ஜன் சினவாமல் கேட்கவும் வேண்டும். பெயர் சொல்லிப் பழகுவதும் இதன்பொருட்டே. நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து உதவுவோர் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என வள்ளுவரும் வகுத்துள்ளார்.

அந்நால்வரில் நமக்கும் இடமுண்டு. நோயாளி உட்கொள்ளும் மருந்துகளையும் ஒவ்வாதவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்க. தாய்க்கு இந்தி தெரியாவிடில் தெரிந்தவர் ஒருவர் உடனிருந்து, கேட்டவற்றிற்கெல்லாம் பொறுமையுடன் விடை கூறுக. மாற்றலாகிச் செல்வோர் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுப் பெறுக. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள், கேட்ட 72 மணி நேரத்திற்குள் அவற்றைத் தரவேண்டுமென்கின்றன. தாதியரை அதட்டிப் பேசுவதையும் அன்பர்கள் அறவே தவிர்ப்பார்களாக. நம் நோயாளிக்காக டாக்டரிடம் துணிந்து பேசவேண்டியவர் அவரே.