தீப்பெட்டியைவிடச் சிறிய வீடு

பள்ளி விடுமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது: ஒரு வீடு கட்டுங்கள். செங்கல்லும் சிமெண்டும் வேண்டாம். காபி கலக்கும் மரக்குச்சி, சமையலறை அலுமினியத் தாள், வெள்ளைப் பசை, ஓர் இரும்பு அளவுகோல், கூரான கத்தி ஆகியவை போதும். கட்டி முடிக்கும்போது கைத்திறனோடு கணக்கும் கொஞ்சம் வரலாறும் சேர்ந்து வரும்.

நான் சிரம்பான், லோபாக்கில் வளர்ந்தவன். பாலிடெக்னிக்கில் கட்டுமானத் துறை மாணவன். என் பொழுதுபோக்கு சிற்றுரு ரயில். பொம்மை ரயிலை வட்டத் தண்டவாளத்தில் ஓடவிடுவதோடு இந்தக் கலை முடிந்துவிடுவதில்லை. ரயில் கடந்து போகும் ஊரையும் அளவு பிசகாமல் சிறிதாக்கிக் கட்ட வேண்டும். நவராத்திரிக் கொலுவுக்கு முன்னால் கடுகு தூவி முளைக்கவிட்டு, பூங்காவும் தெருவும் அமைக்கிறோமே, அதை அளவுகோலோடு செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லாண்ட் இந்தக் கலையின் பிரமாண்டமான எடுத்துக்காட்டு. இந்தியாவில் புனே நகரிலும் சிற்றுரு ரயிலுக்கென்றே ஜோஷி அருங்காட்சியகம் இருக்கிறது.

பெட்டிக்குள் மரக்கட்டு

இந்தக் கலையில் கைவினைஞர்கள் பெரிதும் மதிப்பது ‘கிராஃப்ட்ஸ்மேன் கிட்’ எனப்படும் கட்டடப் பெட்டி. சாதாரண பிளாஸ்டிக் கிட்டில் சுவர், கூரை, சன்னல் எல்லாம் வார்த்தே வரும். ஒட்டினால் வேலை முடிந்தது. இந்தப் பெட்டியைத் திறந்தால் மெல்லிய மரச்சட்டங்கள் ஒரு கட்டு, வரைபடங்கள், உலோகத்தில் வார்த்த சிறு பொருள்கள், படிப்படியான குறிப்பு ஆகியவைதான் இருக்கும். ஒவ்வொரு சட்டத்தையும் நாமே அளந்து, அறுத்து, சாயமேற்றி, ஒட்ட வேண்டும். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜார்ஜ் செல்லியோஸ் தொடங்கிய ‘ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ்’ இவ்வகைப் பெட்டிகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனம். துருப்பிடித்த கூரை, வெளிறிய பலகை, வாசலில் கிடக்கும் பழைய பீப்பாய் என்று பயன்பட்டுத் தேய்ந்த கட்டடங்களை இப்பெட்டிகள் பிரபலமாக்கின.

அந்தப் பெட்டிகளில் அமெரிக்க மர ஆலை கிடைக்கும், மீன்பிடித் துறைக் கொட்டகை கிடைக்கும். நம் தோட்டத்து லயம் கிடைக்காது. ஆயாக் கொட்டகை, பெரட்டுக் களம், ரப்பர் ஷீட் காயவைத்த புகை வீடு, மரத்தடிக் கோயில் எதுவும் கிடைக்காது. ஆகவே பெட்டியை விட்டுவிட்டு, அதன் செய்முறையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சிரம்பானின் தண்டவாளம்

சிற்றுரு ரயிலுக்குச் சிரம்பானைவிடப் பொருத்தமான ஊர் தேட வேண்டியதில்லை. 1891ஆம் ஆண்டிலேயே சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடியது. சுங்கை ஊஜோங் ரயில்வே நிறுவனம் போட்ட அந்தப் பாதையின் நீளம் ஏறக்குறைய 39 கிலோமீட்டர். சுரங்க ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பது அதன் முதல் வேலை. பின்னாளில் பாதையின் இருபுறமும் ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. அவற்றின் லயங்களில் நம் முன்னோர் குடியேறினார்கள். 2008இல் அந்தப் பாதையில் ரயில் ஓடுவது நின்றது.

அதற்கு முன்பே பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்திருந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. லயங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டன. துரை பங்களாவைப் படமெடுத்து வைத்தவர்கள் உண்டு. லயத்து வீட்டின் நீள அகலத்தை யார் எழுதி வைத்தார்கள்?

87ஆல் வகுத்துப் பாருங்கள்

சிற்றுரு ரயிலில் உலகெங்கும் அதிகம் புழங்கும் அளவுத்திட்டம் எச்.ஓ. ‘ஓ’ என்ற பழைய அளவில் பாதி என்பதால் அந்தப் பெயர். அதன் விகிதம் 1:87. உண்மைப் பொருளின் நீளத்தை மில்லிமீட்டரில் எழுதி 87ஆல் வகுத்தால் மாதிரியின் நீளம் கிடைத்துவிடும். மலாயா ரயில் பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர், மாதிரியில் 11.5. ஐந்தரை அடி உயர மனிதர் 19 மில்லிமீட்டர். ஆறடிக் கதவு 21 மில்லிமீட்டர். ஆறு அங்குலப் பலகை ஒன்றே முக்கால் மில்லிமீட்டர்.

என் பாட்டி பிறந்து வளர்ந்த லயம் இப்போது இல்லை. செம்பனைகளுக்கு நடுவே சிமெண்ட் தளமும் இரண்டு படிக்கட்டும் மிஞ்சியிருக்கின்றன. நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, ஒரு நண்பனோடு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். சுவர் நின்ற தடம் தளத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஓர் அறை 10 அடிக்கு 12 அடி.

வீட்டுக்கு வந்து வகுத்தேன். 35 மில்லிமீட்டருக்கு 42 மில்லிமீட்டர். அட்டையில் வெட்டி மேசைமேல் இருந்த தீப்பெட்டியின் மீது வைத்தேன். பெட்டியின் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் மிச்சம் இருந்தது. வீட்டின் முழு அறையும் தீப்பெட்டியைவிடச் சிறியது!

பாட்டி வீட்டில் அப்பா, அம்மா, ஏழு பிள்ளைகள் என ஒன்பது பேர். மெல்லிய கம்பியில் ஒன்பது உருவங்கள் செய்து அந்த அட்டையில் படுக்கவைத்துப் பார்த்தேன். ஓர் அடுப்புக்கும் ஒரு டிரங்குப் பெட்டிக்கும் இடம் விட்டால், உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பாட்டியிடம் காட்டி, “எல்லாரும் எங்கே பாட்டி படுத்தீங்க?” என்று கேட்டேன்.

“அங்க ஏது ஐயா எடம்? ஆம்பளப் புள்ளைங்க எல்லாம் அஞ்சடியிலதான் படுத்துக்கும். மழ அடிச்சா சாக்கு கட்டிவிடுவோம்” என்றார்.

அந்தச் சாக்கு எந்த வரைபடத்திலும் இருக்காது. இன்று என் மாதிரியின் அஞ்சடியில் அது தொங்குகிறது. பழைய காட்டன் துணியில் நூல் நூலாகப் பிரித்து, தேயிலைச் சாற்றில் நனைத்துச் செய்தேன். பாட்டியின் கதைகளைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வி அளவெடுத்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

சுவர் முதல் துருவரை

செய்முறைக்கு வருவோம். சுவருக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பால்சா மரத்தகடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு கீறினால் பலகைச் சுவர் ஆகிவிடும். தூண், சட்டம் ஆகியவற்றுக்குக் காபிக் குச்சியை நெடுக்காகக் கீறி எடுக்கலாம். கத்தியை அழுத்தாதீர்கள், புதிய அலகால் மெதுவாக நாலைந்து முறை இழுத்தால் நேராக வெட்டுப்படும், விரலும் தப்பும்.

ஒட்டுவதற்கு முன்பே சாயமேற்றிவிட வேண்டும். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. வெள்ளைத் திட்டு காட்டிக்கொடுத்துவிடும். ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் சில துளி கறுப்பு இந்திய மையைக் கலந்து பூசினால், புது மரம் வெயிலிலும் மழையிலும் பல ஆண்டு நின்ற சாம்பல் நிறம் பெறும். இது தீப்பற்றும் திரவம். சன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தள்ளியிருந்து வேலை செய்யுங்கள்.

தகரக் கூரைதான் எனக்குப் பிடித்த பகுதி. கூரைத் தகரத்தில் ஒரு மடிப்புக்கும் அடுத்த மடிப்புக்கும் வழக்கமாக மூன்று அங்குல இடைவெளி. 87ஆல் வகுத்தால் 0.88 மில்லிமீட்டர். இத்தனை நெருக்கமான வரியைக் கையால் கீற முடியாது. இரும்புக் கடையில் ‘எம் 5’ மரைக் கம்பி கேளுங்கள். அதன் மரை இடைவெளி 0.8 மில்லிமீட்டர். அலுமினியத் தாளை அட்டைமேல் விரித்து, அந்தக் கம்பியை அழுத்தி உருட்டினால் தகர வரி விழுந்துவிடும். மரை சுருளாக ஓடுவதால் வரிகள் சற்றுச் சாய்ந்திருக்கும். தாளின் ஓரத்தைப் பார்க்காமல் வரியைப் பார்த்து வெட்டுங்கள்.

தகரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, கூரையின் கீழ் ஓரத்திலிருந்து மேல்நோக்கி, ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி ஒட்ட வேண்டும். உண்மையான கூரையும் மழை நீர் உள்ளே போகாதிருக்க அப்படித்தான் வேயப்படுகிறது. துருவுக்குப் பழுப்பு, செம்மண் நிறச் சாக்கட்டிகளைப் பொடித்துத் தூரிகையால் தடவுங்கள். சிலர் அமிலத்தில் தோய்த்துத் துருவேற்றுவார்கள். மாணவர்களுக்கு அந்த ஆபத்து வேண்டாம்.

நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். மெல்லிய மரத்தகட்டின் ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசினால் வளைந்துகொள்ளும். இரு பக்கமும் பூசி, உட்புறம் குறுக்குச் சட்டம் ஒட்டிவிட்டால் சுவர் நேராக நிற்கும்.

படிப்புக்கு உதவுமா?

பெற்றோர் நிச்சயம் இதைக் கேட்பார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1946ஆம் ஆண்டு ஒரு மாணவர் ரயில் மாதிரி மன்றம் அமைந்தது. அதில் ஒரு சாரார் கட்டடமும் நிலக்காட்சியும் செய்தார்கள். இன்னொரு சாரார் மேசைக்கு அடியில் தொலைபேசி நிலையத்து ரிலேக்களைக் கொண்டு ரயில்களைக் கட்டுப்படுத்தினார்கள். அந்த இரண்டாம் குழுவினர் பலர் பின்னர் பல்கலைக்கழகத்தின் கணினிகளை நாடிப் போனார்கள். ‘ஹேக்கர்’ என்ற சொல் இன்றைய கணினிப் பொருளைப் பெற்றதில் அந்த மன்றத்துக்குப் பெரும் பங்குண்டு.

எனக்குக் கிடைத்தது அதைவிடச் சிறியது, ஆனால் அன்றாடம் உதவுகிறது. கட்டட வரைபடத்தை இப்போது படம் பார்ப்பதுபோல் பார்ப்பதில்லை. அந்த அறையில் எத்தனை பேர் படுப்பார்கள் என்று பார்க்கிறேன்.

நீங்களும் தொடங்கலாம். உங்கள் ஊரில் இன்னும் நிற்கும் பழைய கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பலகைக் கட்டடம், கோயில் முன்கொட்டகை, கடை வரிசை என எதுவாகவும் இருக்கலாம். உரியவரிடம் அனுமதி கேளுங்கள், தனியாகப் போகாதீர்கள். ஒரு மீட்டர் கம்பில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை சிவப்பும் வெள்ளையும் பூசி, சுவரோரம் நிறுத்தி, நேர் எதிரே நின்று படமெடுங்கள். ஏறி அளக்க முடியாத உயரத்தை அந்தப் படத்திலிருந்து கணக்கிட்டுவிடலாம். நீளம், அகலம், கதவு, சன்னல் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அங்கே வாழ்ந்தவர் யாராவது இருந்தால், அந்த நோட்டோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

முதலில் அளந்து வையுங்கள். கட்டுவது அடுத்த விடுமுறையில்கூட ஆகலாம்.