வெயிலின் குற்றமும் பூச்சியின் மேல் பழியும்

சித்திரை மாதம் பாதி கழிந்து அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டால், கொல்லையிலோ மாடியிலோ நாலு கத்தரியும் பத்து வெண்டையும் வைத்துக் காப்பாற்றி வருகிறவர்களின் மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை. காலையில் தளதளவென்று நின்ற பீர்க்கங்கொடி உச்சிப்பொழுதில் துவண்டு தொங்குவதையும், தக்காளியில் பூத்த பூவெல்லாம் காம்போடு உதிர்ந்து கிடப்பதையும் கண்ட மாத்திரத்தில், ஏதோ பூச்சி விழுந்துவிட்டது என்று தீர்மானித்து, வாடிய இலையைக் கையில் பிடித்துக்கொண்டு உரக்கடைக்கு ஓடுகிறவர்கள் அநேகர். கடைக்காரரும் அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து நீட்டுகிறார். விசாரணையும் இல்லை, ரசீதும் இல்லை. கோடையில் வீட்டுத் தோட்டங்களில் தெளிக்கப்படும் விஷத்தில் கணிசமான பகுதி, வெயில் செய்த குற்றத்துக்காகப் பூச்சிக்கு விதிக்கப்படும் தண்டனை என்பதே என் அபிப்பிராயம்.

ஆகையால் முதலில் செய்யத்தக்கது, குற்றவாளி யார் என்று நிதானமாக விசாரிப்பது. பகலில் வாடி, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துகொள்ளும் செடிக்கு வியாதி ஒன்றுமில்லை. விடியற்காலையிலும் தலை சாய்ந்தே நின்றால்தான் வேரையோ தண்டையோ சந்தேகிக்க வேண்டும். பகல் உஷ்ணம் முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டி, இரவிலும் தணியாவிட்டால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்து பூ உதிரும். அதற்கு எந்த மருந்தும் பரிகாரம் ஆகாது. காயின் அடிப்பாகம் கறுத்துக் குழிந்து தோல்போல் ஆகிவிடுவதைக் கண்டு பயந்துபோகிறவர்கள் உண்டு. ஒருநாள் வெள்ளமாகவும் மறுநாள் வறட்சியாகவும் தண்ணீர் விடுவதனால், மண்ணில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் உண்டாகும் கோளாறு அது. மேற்கு வெயில் நேராகப் படும் பக்கத்தில் மட்டும் மிளகாயிலும் தக்காளியிலும் வெளுத்த திட்டு விழுந்திருந்தால், அது வெயில் சுட்ட வடு. தென்னை மட்டையோ, காய்ந்த சருகோ, வைக்கோலோ கொண்டு வேரடியை மூடாக்கிட்டு, சூரியன் ஏறுமுன்பே ஆழமாக நீர் பாய்ச்சி, மாடியாயிருந்தால் ஐம்பது சத நிழல்வலை ஒன்றைக் கட்டிவிட்டால், இந்த உபத்திரவங்களில் பெரும்பாலானவை மருந்தில்லாமலே தணியும்.

இதனால் பூச்சிகள் நிரபராதிகள் என்று சொல்ல வரவில்லை. கோடையின் வறண்ட காற்று செஞ்சிலந்திக்கும் இலைப்பேனுக்கும் வெள்ளை ஈக்கும் பண்டிகைக் காலம். வெண்டை இலையைத் திருப்பிப் பார்த்தால், அடியில் நூலாம்படைபோல் மெல்லிய வலையும், அதனூடே ஊசிமுனை அளவு நகரும் சிவப்புப் புள்ளிகளும் தென்படும்; அதுதான் செஞ்சிலந்தி. அது பூச்சி இனமே அன்று, எட்டுக்கால் கொண்ட சிலந்தி வகை. ஆதலால் சாதாரணப் பூச்சிமருந்துகள் பலவற்றுக்கு அது சாவதில்லை, அதைத் தின்று அடக்கிவைத்திருந்த நல்ல பூச்சிகளே செத்துப்போகின்றன. மருந்து அடித்த பத்தாம் நாள் முன்னிலும் அதிகமாகிவிட்டது என்று அங்கலாய்க்கிறவர்கள் இந்தச் சூட்சுமத்தை அறியாதவர்கள். இலையின் அடிப்பக்கம் நனையும்படி காலையில் விசையாகத் தண்ணீர் பீச்சியடிப்பது ஆரம்பத்திலேயே போதுமான சிகிச்சை. வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் நரம்புத் தேமலுக்கோ மருந்தே கிடையாது. கண்ட செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, மஞ்சள் வர்ணம் பூசிய தகட்டில் ஆமணக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால், மிஞ்சிய ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். கத்தரியின் கொழுந்து மட்டும் தனியே வாடித் தொங்கினால், அதை நுனியோடு கிள்ளிப் பிளந்து பாருங்கள்; இளஞ்சிவப்புப் புழு ஒன்று உள்ளே இருக்கும். கிள்ளியதை அங்கேயே போட்டுவிடாமல் அழித்துவிட வேண்டும்.

இயற்கை எதிரிகளின் பலத்தைச் சந்தேகிக்கிறவர்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து விவசாயிகளைக் கேட்கலாம். 2008-ல் அங்கே தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, கத்தரி என்று பரவி, அடித்த மருந்துக்கெல்லாம் அசையாமல் இருந்தது. 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து தருவித்த மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை விட்ட பிறகே அது அடங்கிற்று.

இயலாத கட்டத்தில் முதலில் நாட வேண்டியது வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது கிராம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து இரவு முழுதும் ஊறவைத்து, பிழிந்து வடிகட்டிச் சிறிது காதி சோப்புக் கலந்து, மாலையில் தெளிக்க வேண்டும். வெயில் பட்டால் அதன் சாரம் சீக்கிரம் அழிந்துவிடும். இந்த வேம்பின் எண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்படுத்தும் முறைக்கு ஓர் அமெரிக்கக் கம்பெனியும் அந்நாட்டு விவசாய இலாகாவும் வாங்கியிருந்த காப்புரிமையை, இது இந்தியாவில் நெடுங்காலமாக அறிந்த விஷயம் என்ற ஆட்சேபத்தின்பேரில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000-ல் ரத்து செய்தது. மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியாயிற்று. நம் கொல்லை மரத்தின் குணத்தை நாம் உபயோகிக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை.

ரசாயனமே வாங்குவதாயிருந்தால் உங்கள் உரிமைகளை அறிந்து வாங்குங்கள். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் பெற்றவர் மட்டுமே இதை விற்கலாம். லேபிள் ஒட்டிய மூல உறையிலன்றிச் சில்லறையாக ஊற்றிக் கொடுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. உறையிலுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதியைப் பாருங்கள்: சிவப்பு அதிபயங்கர விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, பின்பு நீலம், பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. வீட்டுத் தோட்டத்தில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வேலையே இல்லை. எந்தப் பயிருக்கு, தெளித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம், விஷமுறிவு என்ன என்பவை துண்டுப்பிரசுரத்தில் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். காய்கறிகளில் மானோகுரோட்டோபாஸ் கூடாதென்று 2005-லேயே மத்திய அரசு தடை விதித்தது; எண்டோசல்பானை 2011-ல் உச்சநீதிமன்றம் நிறுத்திற்று. ‘பழைய சரக்கு, நன்றாகக் கேட்கும்’ என்று யாராவது ரகசியமாக எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

உடலுக்கு நேரும் அபாயம் கோடையில் இரட்டிப்பு. வியர்த்த தோல் விஷத்தைச் சுலபமாக உறிஞ்சும்; புழுக்கம் தாளாமல் சட்டையையும் கையுறையையும் கழற்றிவிடுகிறோம். தெளித்தவருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்தால், வெயில் தாக்கிவிட்டது என்று மோர் கொடுத்துப் படுக்கவைக்கிறோம். செடியின் வெயில் வாட்டத்தைப் பூச்சி என்ற நாமே, மனிதனுக்கு ஏறிய விஷத்தை வெயில் என்கிறோம்! வாயில் நீர் ஊறி வழிவதும், வியர்வை பெருகுவதும், கண்மணி குறுகிப் புள்ளியாவதும் விஷத்தின் அடையாளங்கள். உடையைக் களைந்து, சோப்பிட்டு உடம்பைக் கழுவி, வாந்தி எடுக்க வைக்காமல், 108-ஐ அழைத்து, மருந்துப் புட்டியையும் கூடவே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

போலி மருந்தோ முளைக்காத விதையோ தலையில் கட்டப்பட்டால், வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை உதவி இயக்குநரிடம் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் ரசீதும், உறையும், மிச்சமிருக்கும் ஒரு பிடி விதையும் கையில் இருந்தால் வழக்குக்குப் பலம். மருந்து வாங்குமுன்பே சந்தேகம் கேட்க விரும்புகிறவர்கள் கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கூப்பிடலாம். காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை, கட்டணமின்றித் தமிழிலேயே பதில் சொல்வார்கள்.